புதுப் பந்து வந்தால் பழைய பந்து கெட்டுப்போகுமா? தருமபுரி, கிருஷ்ணகிரி கால்பந்து அணிகளுக்கான கேள்வி பதில்கள்

உலகக்கோப்பை வரும் வருடம் என்றால் போதும், ஓசூர் விளையாட்டுச் சாமான் கடைகளின் முன்வரிசையில் ஒரு புது டிசைன் பந்து தொங்கும். இரண்டு வாரத்தில் அதே டிசைன் தருமபுரி பேருந்து நிலையத்துப் பிளாஸ்டிக் பந்திலும் வந்துவிடும். இந்தச் சமயத்தில் அணி நடத்துபவர்களும் உடற்கல்வி ஆசிரியர்களும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். எதையும் வாங்கச் சொல்லும் நோக்கம் இல்லை. சில பதில்கள் வாங்க வேண்டாம் என்றுதான் சொல்லும்.

பந்தோட டிசைனை ஏன் இப்படி அடிக்கடி மாத்துறாங்க?

விதிப்புத்தகத்திலேயே இதற்குப் பாதி பதில் இருக்கிறது. கால்பந்து ஆட்ட விதிகளில் இரண்டாவது விதி பந்தைப் பற்றியது. அதிகாரபூர்வப் போட்டிகளில் பந்தின் மேல் வணிக விளம்பரம் எதுவும் இருக்கக் கூடாது என்கிறது அது. போட்டியின் சின்னம், நடத்தும் அமைப்பின் சின்னம், பந்து செய்த நிறுவனத்தின் வணிகச் சின்னம் ஆகியவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. சட்டையில் விமான நிறுவனமும் மைதான ஓரத்தில் குளிர்பானமும் விளம்பரம் செய்யலாம். ஆனால் 90 நிமிடமும் கேமரா விரட்டிக்கொண்டே போகும் அந்த ஒரு பொருளில் இடம் பிடிக்கும் வெளி நிறுவனம் அதைச் செய்தவர் மட்டும்தான். அவருக்கும் எழுத்தில் பெரிதாக எதுவும் எழுத முடியாது. அதனால் நிறத்தாலும் கோலத்தாலும் பேச வைக்கிறார். விளம்பரம் ஒட்ட முடியாத பந்து, தானே விளம்பரமாகிவிட்டது.

மறுபாதி, சாதாரண வியாபாரக் கணக்கு. நல்ல பந்து பல ஆண்டு உழைக்கும். உழைக்கிற பொருளை வைத்திருப்பவரை மறுபடி கடைக்கு வரவழைக்க வேண்டுமானால், கையில் இருப்பதைப் பழசாகத் தெரியவைக்க வேண்டும். தீபாவளிக்குத் தீபாவளி புடவைக்குப் புதுப்பெயர் வைக்கும் வித்தைதான் இது. நெசவு மாறாது, பெயரும் பார்டரும் மாறும்.

எப்பவுமே இப்படித்தானா?

இல்லை. 1930 முதல் உலகக்கோப்பையின் இறுதிப் போட்டியில் எந்தப் பந்தில் ஆடுவது என்பதே தகராறு. முதல் பாதி அர்ஜென்டினா கொண்டுவந்த பந்தில், இரண்டாம் பாதி உருகுவேயின் பந்தில் ஆடினார்கள். முதல் பாதியில் அர்ஜென்டினா 2-1 என முன்னிலை, முடிவில் உருகுவே 4-2 என வெற்றி.

1970 மெக்சிகோ உலகக்கோப்பையில்தான் அடிடாஸ் உள்ளே வந்தது. அந்தப் பந்தின் பெயர் டெல்ஸ்டார். இன்றைக்கும் குழந்தையைக் கால்பந்து வரையச் சொன்னால் அதைத்தான் வரையும்: 12 கறுப்பு ஐங்கோணம், 20 வெள்ளை அறுகோணம். கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியில் பளிச்சென்று தெரிவதற்காக அந்த நிறம். அந்த முழுப் போட்டிக்கும் அடிடாஸ் கொடுத்தவை வெறும் 20 பந்துகள்.

1978இல் டாங்கோ வந்தது. மூன்று முனைக் கறுப்புப் பட்டைகள் சேர்ந்து 12 வட்டங்கள் போலத் தெரியும் கோலம். நிறமும் நுணுக்கமும் கொஞ்சம் மாறினாலும் 1998 வரை, ஆறு உலகக்கோப்பைகளுக்கு, அந்த முகம் அப்படியே இருந்தது. அதை உடைத்தது 2002இன் ஃபீவர்நோவா. அதற்குப் பிறகு ஒவ்வொரு உலகக்கோப்பைக்கும் அடையாளமே தெரியாத புது முகம்தான். உலகக்கோப்பையை நடத்தும் அமைப்பான ஃபிஃபாவுடன் அடிடாஸ் வைத்திருக்கும் ஒப்பந்தம் 2030 வரை ஓடுகிறது.

ஒரே சீசனில் எத்தனை பந்து மாறுது?

இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் 2000 முதல் 2025 வரை நைக்கி பந்து, 2025-26 சீசனிலிருந்து பூமா. சீசன் தொடக்கத்துக்கு ஒன்று, குளிர்காலத்துக்கு மஞ்சள் நிறத்தில் ஒன்று என்று ஒரே சீசனுக்குள்ளும் மாறும். சாம்பியன்ஸ் லீக்கில் 2001லிருந்து நட்சத்திரக் கோலம்தான். ஆனால் ஒவ்வொரு இறுதிப் போட்டிக்கும் தனி வண்ணம்.

உலகக்கோப்பையும் அதே வழிக்கு வந்துவிட்டது. 2006இல் இறுதிப் போட்டிக்கு மட்டும் தங்க நிறத்தில் தனிப் பந்து. 2018இல் நாக்அவுட் சுற்று தொடங்கியதும் சிவப்பு நிறத்தில் டெல்ஸ்டார் மெச்தா. 2022இல் அரையிறுதிக்கும் இறுதிக்கும் அல் ஹில்ம். அதுவரை ஆடிய அல் ரிஹ்லாவுக்கும் இதற்கும் உடம்பில் வித்தியாசம் கிடையாது, சட்டைதான் வேறு. சேகரிப்பவர் இரண்டையும் வாங்குவார். ஆடுகிறவருக்கு ஒன்றும் குறையாது.

அப்போ எல்லாமே வெறும் ஏமாற்றுதானா? உள்ளே எதுவுமே மாறலையா?

அப்படியும் சொல்ல முடியாது. 1982 வரை பந்து தோல். மழையில் தண்ணீர் குடித்து எடை கூடும், தலையால் முட்டினால் வலிக்கும். 1986இன் அஸ்டெகாதான் உலகக்கோப்பையில் முழுக்கச் செயற்கைப் பொருளில் வந்த முதல் பந்து. அது உண்மையான முன்னேற்றம். 2006இல் டீம்கைஸ்ட் தையலை விட்டுவிட்டு, சூட்டில் ஒட்டும் முறைக்கு மாறியது. 32 துண்டுகள் 14 ஆயின. பிறகு 2010 ஜபுலானியில் 8, 2014 பிரஸூகாவில் 6, 2018 டெல்ஸ்டார் 18இலும் 6, 2022 அல் ரிஹ்லாவில் 20, 2026 டிரையோண்டாவில் 4. துண்டு குறையக் குறையப் பந்து மேம்படும் என்றால் 6க்குப் பிறகு 20 வந்திருக்காது. துண்டுகளின் எண்ணிக்கையை விட, அவை சேரும் கோட்டின் நீளமும் ஆழமும்தான் முக்கியம்.

2022இல் பந்துக்குள் உணர்கருவி வந்தது. வினாடிக்கு 500 முறை அசைவைப் பதிவு செய்யும். உருகுவேக்கு எதிராகப் போர்ச்சுகல் போட்ட கோலில் ரொனால்டோவின் தலை பட்டதா இல்லையா என்ற விவாதத்தை முடித்து வைத்தது இதுதான்: படவில்லை. கோல் புரூனோ ஃபெர்னாண்டஸ் கணக்கில். கடையில் விற்கும் பந்தில் இந்தக் கருவி இருக்காது. விளம்பரத்தைப் பார்த்துவிட்டு அது இருக்கும் என்று நினைத்து வாங்க வேண்டாம்.

ஜபுலானி விவகாரம் என்ன? சுருக்கமாகச் சொல்லுங்க.

சுருக்கமாகச் சொன்னால் புரியாது, கொஞ்சம் விரித்தே சொல்கிறோம். ஏனென்றால் டிசைன் மாற்றம் ஆட்டத்தைத் தொட்ட இடம் இதுதான்.

பந்து வேகமாகப் போகும்போது அதை ஒட்டியுள்ள மெல்லிய காற்றுப் படலம் கலங்கிச் சுழலும். அப்போது பின்னால் இழுக்கும் தடை குறைவு, பந்து சீராகப் போகும். வேகம் ஒரு எல்லைக்குக் கீழே இறங்கினால் அந்தப் படலம் அமைதியாகி, தடை சட்டென்று ஏறும். அந்த எல்லையை ஒட்டிய வேகத்தில், பந்து சுழலாமல் போனால், ஒரு பக்கம் தையல் கோடு, மறுபக்கம் வழுவழுப்பு என்று ஆகி, பந்து இப்படியும் அப்படியும் ஆடும். கோல் கீப்பர் வலப்பக்கம் பாய, பந்து இடப்பக்கம் போகும்.

எல்லா பந்துக்கும் இந்த எல்லை வேகம் உண்டு. பந்து எவ்வளவு வழுவழுப்பாக இருக்கிறதோ அவ்வளவுக்கு எல்லை மேலே ஏறும். 32 துண்டுப் பந்தில் தையல் கோட்டின் மொத்த நீளம் சுமார் 4 மீட்டர். 2010 ஜபுலானியில் சுமார் 2 மீட்டர்தான், ஆழமும் குறைவு. நாசா ஏம்ஸ் ஆய்வு மையத்தில் ரபி மேத்தா காற்றுச் சுரங்கத்தில் பார்த்தபோது அது மணிக்கு 80 கி.மீ.க்கு மேலேயே ஆடத் தொடங்கியது. ஃப்ரீ கிக் போகும் வேகமே அதுதான். போதாததற்கு, அந்த உலகக்கோப்பை நடந்த தென்னாப்பிரிக்காவின் ஜோஹன்னஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கும் மேலே இருக்கிறது, காற்றும் மெலிசு. பிரேசில் கீப்பர் ஜூலியோ செசார் அதை சூப்பர் மார்க்கெட் பந்தோடு ஒப்பிட்டார். 2014 பிரஸூகாவில் துண்டு ஆறாகக் குறைந்தும் கோட்டின் நீளத்தை 3.27 மீட்டராகக் கூட்டினார்கள், ஆழத்தையும் கூட்டினார்கள். புகார் அடங்கியது.

ஓசூரும் மேட்டு நிலம்தானே, இங்கேயும் பந்து வேற மாதிரி பறக்குமா?

கொஞ்சம். ஓசூர் கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரம். சென்னைக் கடற்கரையை விடக் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 8 சதவீதம் குறைவு. நீண்ட பாஸ் சற்றுத் தள்ளி விழும், வளைத்து அடிக்கும் பந்து சற்றுக் குறைவாக வளையும். தருமபுரியில் இந்த வித்தியாசம் பாதிதான். ஓசூர், தளி பக்கத்து அணிகள் சென்னைக்கு ஆடப்போனால் முதல் அரை மணிநேரப் பயிற்சியில் கீப்பரின் கோல் கிக்கையும் கார்னரையும் திருத்திக்கொள்வது நல்லது. பந்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஒரே டிசைன், ஒரே பெயர். ஒரு பந்து ஆயிரத்துச் சொச்சம், இன்னொன்று பத்தாயிரத்துக்கு மேல. எப்படிங்க?

சட்டை ஒன்று, உடம்பு வேறு. ஒரே கோலத்தை நான்கைந்து தரத்தில் அச்சடித்து விற்பார்கள். மேல் படியில் இருப்பதுதான் மைதானத்தில் ஆடும் பந்து. பெட்டியிலும் பந்திலும் ‘புரோ’ என்று இருக்கும். சூட்டில் ஒட்டிய பி.யூ. (பாலியூரித்தேன் என்ற மிருதுவான செயற்கைப் பொருள்) மேலுறை, உள்ளே நல்ல துணி அடுக்கு. டிரையோண்டா புரோ அமெரிக்காவில் 170 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. அடுத்த படியும் ஒட்டிய பந்தாக இருக்கலாம், ஆனால் மேலுறையும் சோதனைத் தரமும் ஒரு படி கீழே. கடைசியில் ‘கிளப்’, ‘டிரெய்னிங்’ என்று வருபவை பெரும்பாலும் மெஷின் தையல். அதற்கும் கீழே கையளவு ‘மினி’.

நம் ஊரில் பெரும்பாலும் விற்பது அந்த ‘கிளப்’, ‘டிரெய்னிங்’ படிதான். அது மோசமான பந்து என்று சொல்லவில்லை. ஆனால் கொடுக்கும் காசில் ஒரு பங்கு டிசைனுக்குப் போகிறது. அதே காசுக்குப் பஞ்சாபின் ஜலந்தர் கம்பெனிகளின் டிசைன் இல்லாத பந்தில் ஒரு படி மேலான உடம்பு கிடைக்கும்.

ஃபிஃபா முத்திரைன்னா என்ன அர்த்தம்?

பந்து ஆய்வகச் சோதனையில் தேறியது என்று அர்த்தம். ‘ஃபிஃபா குவாலிட்டி புரோ’ மேல் தரம், ‘ஃபிஃபா குவாலிட்டி’ அடுத்தது, அடிப்படைத் தரம் ஒன்றும் உண்டு. மேல் தரத்துக்கு எடை 420 முதல் 445 கிராம், சுற்றளவு 68.5 முதல் 69.5 செ.மீ. இரும்புத் தகட்டின் மேல் 2 மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் 135 முதல் 155 செ.மீ. எழும்ப வேண்டும். மூன்று நாளில் காற்று 20 சதவீதத்துக்கு மேல் இறங்கக் கூடாது. தண்ணீரில் 250 முறை அழுத்தினாலும் எடை 10 சதவீதத்துக்கு மேல் கூடக் கூடாது. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் 2,000 முறை இரும்பில் மோதவிட்டு வடிவம் பார்ப்பார்கள். இந்த முத்திரை சட்டையைப் பற்றியதல்ல, உடம்பைப் பற்றியது. அதனால் டிசைனைப் பார்க்கும் கண்ணால் முதலில் இதைப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை: சோதனை இரும்புத் தகட்டில் நடந்தது. பாலக்கோட்டுச் சரளையில் நடக்கவில்லை.

எங்க ஊர் டோர்னமென்டுக்குப் புது உலகக்கோப்பைப் பந்து கட்டாயமா?

இல்லை. விதி கேட்பது உருண்டை வடிவம், சுற்றளவு 68 முதல் 70 செ.மீ., எடை 410 முதல் 450 கிராம், காற்றழுத்தம் 0.6 முதல் 1.1 வளிமண்டலம் (8.5 முதல் 15.6 பி.எஸ்.ஐ). அவ்வளவுதான். ஃபிஃபாவோ கண்ட அளவிலான கூட்டமைப்போ நடத்தும் போட்டிக்குத்தான் தர முத்திரை கட்டாயம். குறுவட்டம், மாவட்டம் அளவிலான பள்ளிப் போட்டிகளுக்குப் போகும் அணி செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. எந்தப் பந்தில் ஆடப்போகிறோம் என்று பத்து நாள் முன்பே கேட்டு, அதே வகைப் பந்தில் பயிற்சி எடுக்க வேண்டும். ரப்பர் பந்தில் பழகிவிட்டு பி.யூ. பந்தில் ஆடினால் முதல் பாஸே காலைத் தாண்டிப் போகும்.

நம்ம மண் தரைக்கு எந்தப் பந்து சரி?

எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி இது. விளம்பரத்தில் இதற்கு மட்டும் பதில் இருக்காது, ஏனென்றால் அந்தப் பந்துகள் புல்லுக்காகச் செய்தவை.

இந்த இரண்டு மாவட்டங்களிலும் பள்ளி மைதானம் என்றால் பெரும்பாலும் செம்மண் சரளை. சில இடத்தில் கிரஷர் தூள் போட்டுச் சமன் செய்திருப்பார்கள், அது உப்புத்தாள் மாதிரி. ஓரத்தில் வேலிக்காத்தான் (சீமைக்கருவேலம்) இருக்கும். இதில் 10,000 ரூபாய்ப் பந்தை விட்டால் மேலுறையின் பளபளப்புப் படலம் இரண்டு வாரத்தில் கிழிந்து பஞ்சு தெரியும். ஒட்டிய பந்தில் ஓரம் ஒரு இடத்தில் எழும்பினால் அடுத்த வாரம் விரல் நுழையும் அளவுக்குத் திறக்கும்.

சரளைத் தரைக்கு மோல்டட் ரப்பர் பந்து. பிளாடரின் (காற்றைப் பிடித்துவைக்கும் உள்பை) மேல் நூல் சுற்றி, அதன் மேல் ரப்பர் உறையை அச்சில் ஒட்டியது. நிவியா ஸ்டார்ம் வகை இதுதான். புல் இல்லாத கடினத் தரைக்கென்றே செய்தது, விலையும் சில நூறு ரூபாய். குறை என்னவென்றால் காலுக்குக் கடினம், துள்ளல் அதிகம், தலையால் முட்டிப் பழகும் சிறுவர்களுக்கு ஏற்றதல்ல. முட்டும் பயிற்சிக்கு மட்டும் ஒரு பி.யூ. பந்தைத் தனியே வைத்துக்கொள்ளலாம்.

மண் நிரவிய, கல் பொறுக்கிய நல்ல தரை என்றால் கைத்தையல் 32 துண்டுப் பந்து. மேலுறை பி.வி.சி. என்றால் அதிகம் உழைக்கும், பி.யூ. என்றால் மிருதுவாக இருக்கும்.

ஓசூரில் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் டர்ஃபுக்கு (செயற்கைப் புல் தரை) பி.யூ. பந்து. ரப்பர் பந்து அங்கே கட்டுக்கு அடங்காமல் குதிக்கும். ஐவர் ஆட்டத்துக்கு ஃபுட்சல் பந்து இன்னும் நல்லது. அதன் சுற்றளவு 62 முதல் 64 செ.மீ., துள்ளலைக் குறைத்தே செய்திருப்பார்கள்.

15 பேர் உள்ள பள்ளி அணிக்கு எங்கள் கணக்கு: ரப்பர் பந்து எட்டு, கைத்தையல் பந்து இரண்டு. கைத்தையல் இரண்டும் வாரத்தில் ஒருநாளும் போட்டிக்கு முந்தைய வாரமும் மட்டும் வெளியே வரும். ஒரே ஒரு உலகக்கோப்பைப் பந்து வாங்கி 15 பேர் அதன் பின்னால் ஓடுவதை விட இதில் ஒவ்வொரு காலிலும் பந்து அதிக நேரம் இருக்கும்.

எந்த வயதுக்கு எந்த சைஸ்?

8 வயதுக்குக் கீழே 3, 8 முதல் 12 வரை 4, அதற்கு மேல் 5.

கடையிலேயே பந்தைச் சோதிக்க முடியுமா?

முடியும். மளிகைக் கடையின் எலக்ட்ரானிக் தராசும் தையற்காரரின் டேப்பும் போதும்.

பந்தில் அச்சிட்டிருக்கும் அளவுக்குக் காற்று அடிக்கச் சொல்லுங்கள். தராசில் ஒரு டபரா செட்டின் டபராவை வைத்து, பூஜ்யமாக்கி, அதன் மேல் பந்தை வையுங்கள். அப்போதுதான் உருளாது. 5ஆம் சைஸ் பந்து 410க்கும் 450க்கும் நடுவே காட்ட வேண்டும். 380 காட்டினால் அது விளையாட்டுப் பொம்மை. அடுத்து டேப்பை மூன்று திசையில் சுற்றி அளந்து பாருங்கள். மூன்று அளவுக்கும் நடுவே 1 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் பந்து கோணல், உருட்டினால் ஒரு பக்கம் ஓடும். பிறகு சிமெண்ட் தரையில் 2 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, கீழே விடுங்கள். பெரியவரின் மார்பு உயரத்துக்கு எழும்பினால் சரி. கடைசியாகக் காற்றில் சுழற்றி எறிந்து பாருங்கள். வால்வு பக்கம் கனமாக இருந்தால் தள்ளாடும்.

தையலைப் பார்க்க இரண்டு துண்டுகளைக் கட்டைவிரலால் விலக்குங்கள். நூல் பளிச்சென்று தெரிந்தால் இழுவை போதவில்லை.

காற்று எவ்வளவு அடிக்கணும்?

வால்வைச் சுற்றி அச்சிட்டிருக்கும். பெரும்பாலான பந்துக்கு 0.6 முதல் 0.8 பார், அதாவது 9 முதல் 12 பி.எஸ்.ஐ. சரளைத் தரையில் கீழ் அளவுக்கே நில்லுங்கள். கல்லில் மோதும்போது இறுக்கமான பந்துதான் தையல் விடும்.

நம் பக்கத்தில் பந்துகளைச் சாகடிப்பது முள் அல்ல, பெட்ரோல் பங்க் காற்று. பைக் டயருக்கு 30 பி.எஸ்.ஐ. வாக்கில் அடிக்கும் குழாயில் ஊசியைச் செருகி ‘கொஞ்சம் கல்லு மாதிரி அடிங்கண்ணா’ என்றால், பந்தின் உச்ச வரம்பான 15.6ஐ நாலே வினாடியில் தாண்டிவிடும். அன்றைக்கு வெடிக்காது. உள்ளே துணி அடுக்கு நீண்டு, ஒரு வாரத்தில் பந்து முட்டை வடிவமாகும். அதைத் திரும்ப உருண்டையாக்க வழியில்லை. கைப்பம்பு, கூடவே ஒரு அழுத்தமானி. இரண்டும் சேர்ந்து ஒரு ரப்பர் பந்தின் விலைதான் ஆகும்.

வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். காலை 20 டிகிரியில் 12 பி.எஸ்.ஐ. அடித்த பந்தைத் தருமபுரி மே மாத மதியத்தில் 40 டிகிரியில் போட்டால், காற்று ஒரு துளி கூடச் சேர்க்காமலே 13.5ஐத் தாண்டும். வெயிலில் கிடக்கும் கறுப்புத் துண்டு இன்னும் சூடாகும். கோடையில் காலையிலேயே ஒன்றிரண்டு குறைத்து அடியுங்கள். ஓசூரின் டிசம்பர் காலையில் இது தலைகீழ்: அறையில் அளந்தது மைதானத்தில் சற்றுத் தளர்ந்திருக்கும்.

ஊசியை வெறுமனே குத்தக் கூடாது. கிளிசரின் அல்லது சிலிக்கான் எண்ணெய் ஒரு சொட்டு, எதுவும் இல்லையென்றால் தண்ணீர். மைதானத்தில் எல்லாரும் எச்சில் தொட்டுத்தான் குத்துகிறார்கள், அதில் பந்துக்குக் கெடுதல் இல்லை. தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம், ரப்பரை ஊற வைக்கும். காய்ந்த ஊசி வால்வின் உதட்டைக் கிழிக்கும். அதன் பிறகு எத்தனை அடித்தாலும் இரவோடு இரவாக இறங்கும்.

ரெண்டு நாளைக்கு ஒருமுறை காற்று இறங்குது. பந்து ஓட்டையா?

ஓட்டையாக இருக்க வேண்டியதில்லை. லேடெக்ஸ் (இயற்கை ரப்பர்) பிளாடர் என்றால் அதன் குணமே அது. மிருதுவாக இருக்கும், காற்றை வைத்துக்கொள்ளாது. பியூட்டைல் (செயற்கை ரப்பர்) பிளாடர் வாரக்கணக்கில் தாங்கும். பள்ளிக்குப் பியூட்டைல்தான் வசதி. பியூட்டைல் பந்தே இரண்டு நாளில் இறங்கினால் வாளித் தண்ணீரில் அமுக்குங்கள். வால்வில் குமிழி வந்தால் வால்வு. தையலில் வந்தால் பிளாடரில் ஓட்டை. ஆனால் குமிழி வரும் இடமும் ஓட்டை இருக்கும் இடமும் ஒன்றாக இருக்காது. காற்று உள்ளுக்குள் ஓடி, கிடைத்த சந்தில் வெளியேறும்.

பஞ்சர் ஒட்ட முடியுமா? தையல் பிரிஞ்சா?

பழைய டிசைனுக்கும் புது டிசைனுக்கும் நடுவே வாங்குபவரை உண்மையில் தொடும் வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது.

கைத்தையல் பந்தைத் திறந்து மூடலாம். காற்றை முழுக்க இறக்கி, வால்வுக்கு நேர் எதிர்ப்பக்கத் தையலில் எட்டுப் பத்துத் தையலை மட்டும் பிரித்து, பிளாடரை வெளியே இழுத்து, சைக்கிள் கடையில் டியூபுக்கு ஒட்டுவதுபோல் ஒட்டலாம். முள்ளின் நுனி துணி அடுக்கில் மீதி இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்காமல் மூடாதீர்கள். மறுநாளே குத்தும். பிறகு செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து, மெழுகு போட்ட நைலான் நூலில், பழைய துளையிலேயே குத்தூசி விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். புதுத் துளை போட்டால் அந்த இடம் கிழியும். நன்றாகத் தைத்தால் பந்து இன்னொரு வருடம் ஓடும்.

சூட்டில் ஒட்டிய பந்தில் பிரிக்கத் தையலே இல்லை. ஓரம் எழும்பினால் பசை வைத்துத் தற்காலிகமாக அமுக்கலாம். உள்ளே பஞ்சர் என்றால் பந்து முடிந்தது. மோல்டட் ரப்பர் பந்தும் திறக்காது, ஆனால் சின்ன ஓட்டைக்கு வால்வு வழியே ஓட்டையை அடைக்கும் திரவம் (சீலன்ட்) 10, 15 மி.லி. விடலாம். பந்தின் எடையும் அதே அளவு கூடும் என்பதை மறக்க வேண்டாம். போட்டிக்கு அந்தப் பந்து ஆகாது.

வருடத்துக்கு ஒரு முறை மாறும் பொருளைப் பழுது பார்க்க முடியாதபடி செய்வது தற்செயல் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். ஒட்டுமுறை தண்ணீரைத் தடுக்கிறது, உருண்டை துல்லியமாக வருகிறது என்பதும் உண்மை. இரண்டும் சேர்ந்தே நடக்கின்றன.

இந்தப் பந்தையெல்லாம் யார் செய்றாங்க?

உலகின் கைத்தையல் பந்துகளில் பெரும்பங்கு பாகிஸ்தானின் சியால்கோட்டிலிருந்து வருகிறது. இந்தியாவில் ஜலந்தரும் மீரட்டும். 1947 பிரிவினையின்போது சியால்கோட்டிலிருந்து வந்தவர்களால்தான் ஜலந்தரில் இந்தத் தொழில் வேர்விட்டது. 32 துண்டுகள் சேரும் ஓரங்கள் மொத்தம் 90, ஓரத்துக்கு ஏழு தையல் என்றாலும் 630. முழங்காலுக்கு நடுவே மரக் கிடுக்கியில் துண்டுகளைப் பிடித்து, ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி போட்டு எதிரெதிராக இழுப்பார்கள். ஒரு பந்துக்குச் சுமார் மூன்று மணி நேரம். இந்த வேலையில் குழந்தைகள் இருந்தது உலகறிந்த பிறகு 1997இல் அட்லாண்டா ஒப்பந்தம் போட்டு, வீடுகளில் நடந்த தையலைக் கண்காணிக்கும் கூடங்களுக்குக் கொண்டுவந்தார்கள்.

2014 பிரஸூகாவின் பெயரைப் பிரேசிலில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தப் பந்து செய்யப்பட்ட இடங்களில் ஒன்று சியால்கோட். பெயர் வைக்கும் விழா ஒரு நாட்டில், கைவலி இன்னொரு நாட்டில்.

உலகக்கோப்பை முடிஞ்சதும் அதே பந்து பாதி விலைக்கு வருது. வாங்கலாமா?

தாராளமாக. டிசைன் பழசானதால் மட்டும் விலை இறங்கிய பந்தின் உடம்பு அப்படியேதான் இருக்கும். இந்த வியாபாரத்தில் வாங்குபவருக்குக் கிடைக்கும் ஒரே அனுகூலம் இது. ஆனால் மூன்று நான்கு வருடம் கிடங்கில் கிடந்த பந்து என்றால் யோசியுங்கள். பி.யூ. ஈரக்காற்றில் மெல்ல மெல்லச் சிதையும், மேல்தோலில் பிசுபிசுப்பு வரும். லேடெக்ஸ் பிளாடர் காய்ந்து வெடிக்கும். கட்டைவிரலால் அழுத்தி இழுத்துப் பாருங்கள். ஒட்டினாலோ மெல்லிய வெடிப்புக் கோடு தெரிந்தாலோ வைத்துவிட்டு வாருங்கள்.

பையன் டிரையோண்டாதான் வேணும்னு அடம் பிடிக்கிறான்.

மினி வாங்கிக் கொடுங்கள். சிவப்பு, பச்சை, நீலம், நடத்தும் மூன்று நாடுகளின் நட்சத்திரம், மேப்பிள் இலை, கழுகு எல்லாம் அதிலும் இருக்கும். வீட்டுக்குள் உருட்டட்டும், சுவரில் அடித்துப் பழகட்டும். மைதானத்துக்கு வேறு பந்து.

ஃபைனலுக்கு மட்டும் புத்தம்புதுப் பந்து எடுக்கலாமா? பார்க்க நல்லா இருக்கும்.

எடுக்கலாம், ஆனால் லீக் ஆட்டங்களில் ஆடிய அதே மாடலாக இருக்கட்டும். டப்பாவிலிருந்து நேரே மைதானத்துக்குக் கொண்டுவராமல், இரண்டு நாள் முன்பே காற்றடித்து வைத்து, இறங்குகிறதா பார்த்து, அரைமணி நேரமாவது தட்டிப் பழக்கிவிட்டு எடுங்கள். புதுப் பந்தின் மேல் இருக்கும் வழவழப்பு கீப்பர் கையுறையில் வழுக்கும். அதே மாதிரி தயாராக்கிய இன்னொரு பந்து நடுவரின் மேசைக்குக் கீழே இருக்க வேண்டும். வேலிக்காத்தான் ஃபைனல் என்று பார்க்காது.